பின்வாங்கும் உரிமை

அஞ்சி நடுங்கும் ஓர் உயிரைப் பார்த்து "அஞ்சாதே" என்று கூறுவது மிக இலகுவான காரியம். கூறுபவர் பெரும்பாலும் அஞ்சாதவர். அஞ்ச வேண்டிய தேவையில்லாதவர். கேட்பதோ வேறொரு நிலையில் நிற்கும் உயிர். பலமுள்ள தரப்பு பலமற்ற தரப்புக்கு இடும் இந்தக் கட்டளையில் நியாயம் உண்டா? அச்சத்தைப் போக்கும் பொறுப்பு அஞ்சுபவருடையதா, அன்றி அவர்முன் நிற்பவருடையதா? இக்கேள்வியை நம்மிடம் எழுப்பியது எந்தத் தத்துவ நூலுமன்று. மன்னார்த் தீவில் நமது வளவுக்குள் ஒரு வாடைக்காலத்தில் வந்து ஒதுங்கிய பெட்டை நாய் ஒன்று.

மன்னாரைக் கண்டு திரும்புவோர் அங்குத் தெருவெங்கும் திரியும் கழுதைகளைப் பற்றியே பேசுவர். கழுதைகளுக்கு அடுத்தபடி அத்தெருக்களுக்கு உரியவை நாய்கள். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் தோணிகள் கரையேறும் நேரம் பார்த்து அவை கூடும். வலையிலிருந்து கழித்தெறியும் மீன் அவற்றின் கூலி. அவை யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் எல்லோரும் கல்லெறிய உரிமை பெற்றவர். இவ்வின நாய்களுக்கு வெள்ளைத் துரைமார் வைத்த பெயர், நமது சமூகம் தாழ்த்தி ஒதுக்கிய ஒரு மக்கட் பிரிவின் பெயரே. மனிதரையும் நாயையும் ஒரே சொல்லால் ஒருமிக்க இழிவுசெய்த அந்தச் சிக்கனத்தைத் துரைமார் யாரிடம் கற்றனர் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

நமது வளவுக்கு வந்த நாய்க்கு ஒரு வயதிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கிடுகு வேலியோடு ஒட்டிய ஒரு முழ இடைவெளி அதன் உலகம். தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உடல் ஒடுங்கும். வேற்று நாயின் குரல் ஒழுங்கையில் எழுந்தால் வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். சோறு வைத்தால், நாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பின்னரே தின்னும்.

இதற்கு நாம் கண்ட வைத்தியம் "பழக்குதல்". பழகினால் எல்லாம் சரியாகும் என்பது நமது நாட்டின் பொது வேதமல்லவா? கழுத்திற் கயிற்றைக் கட்டி, விடியற்காலையில் மீன் இறங்கும் கரைக்கு இழுத்துச் சென்றோம். கூலியாட்கள், வியாபாரிகள், ஏலக் கூச்சல், பத்துப் பன்னிரண்டு நாய்கள். முதலில் கயிற்றை இழுத்தது, பின் மணலிற் படுத்தது, பின் அசையவேயில்லை. குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. யார் யாரோ வந்து தலையைத் தடவினர், பேசாமல் கிடந்தது. "பழகிவிட்டது" என்ற பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். இரண்டு நாள் அது உண்ணவில்லை. மூன்றாம் நாள், நம்மிடம் மாலையிற் பாடம் கேட்க வரும் ஒரு சிறுவன் தொட்டியருகே கையை நீட்டியபோது, கடித்துவிட்டது.

காயம் சிறிது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று ஊசி ஏற்றினோம். அச்சிறுவனின் தாய் வந்து படலையடியில் நின்று சொன்னாள்: "மாஸ்டர், ஒண்டில் கட்டி வையுங்கோ, இல்லாட்டில் தூரக் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ." அவள் சொன்னதில் ஓர் அநியாயமும் இல்லை. நாய் கடித்ததிலும் நாம் அநியாயம் காணவில்லை. இடையில் நின்ற நமது அறிவீனம் ஒன்றே குற்றம். கடற்கரையில் நாம் கண்ட அமைதியைத் துணிவென்று எண்ணினோம். அது துணிவன்று, ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்று கண்ட ஓர் உயிர் தன்னையே கைவிட்ட நிலை.

இந்நிலையை ஆராய்ச்சிக்கூடங்கள் நன்கறியும். 1967இல் அமெரிக்க உளவியலாளர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்தனர். எதைச் செய்தும் அதிர்ச்சியை நிறுத்த இயலாதிருந்த நாய்களிற் பெரும்பாலானவை, பின்னர் ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும், படுத்தபடியே வலியை ஏற்றன. இச்சோதனையின் கொடுமையை நாம் மன்னிக்கவில்லை. ஆயினும் அதன் பிற்கதையை அறிவது நன்று. இயலாமையை அந்நாய்கள் "கற்றுக்கொண்டன" என்றே ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அவ்விருவரும் விளக்கி வந்தனர். 2016இல், மூளை பற்றிய புதிய ஆய்வுகளின் பின், தமது விளக்கத்தைத் தாமே தலைகீழாகத் திருத்தினர். நீடித்த துன்பத்தின்முன் அடங்கிக் கிடத்தல் கற்கப்படுவதன்று; அது உயிரின் இயல்பான முதல் எதிர்வினை. கற்கப்படுவது மற்றது: "என் செயலால் இந்நிலைமை மாறும்" என்ற உணர்வு.

நமது சிந்தனையைத் திருப்பியது இக்கருத்தே. அஞ்சும் நாய்க்கு நாம் கற்பிக்க வேண்டியது அந்நியர் நல்லவர் என்பதன்று. அந்நியர் எல்லோரும் நல்லவரல்லர். நாய்க்குப் பொய் சொல்வானேன்? அது விலக விரும்பினால் விலகலாம், அதன் விலகலை நாம் மதிப்போம் என்பதையே கற்பிக்க வேண்டும். போகும் வழி திறந்திருந்தாலன்றி வருவதற்குப் பொருளில்லை.

அச்சம் எப்படி உண்டாகிறது, எப்படி மீள்கிறது என்பதற்கு 1924ஆம் ஆண்டு இரு சான்றுகளை ஒருங்கே தந்தது. ஒன்று லெனின்கிராட் நகரிலிருந்து. அவ்வாண்டு செப்டெம்பரில் நேவா ஆறு பெருகி நகருக்குட் புகுந்தபோது, பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் நீரிற் சிக்கின. காப்பாற்றப்பட்ட பின், அவற்றிற் சில தாம் கற்றிருந்தவற்றை இழந்து நின்றன. நாட்கள் பல கழித்து அவை தேறிய பின்னும், கதவின் அடியால் சிறிது நீரைக் கசியவிட்டதும் பழைய கலக்கம் திரும்பிற்று. வெள்ளம் வடிந்துவிட்டது என்பது நகரசபைக்குத்தான் செய்தி, நாய்க்கு அன்று.

மற்றச் சான்று நியூயோர்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி செய்த ஆய்வு. முயலைக் கண்டு அலறிய, மூன்று வயதும் நிரம்பாத பீற்றர் என்ற குழந்தைக்கு, விருப்பமான உணவை உண்ணக் கொடுத்து, உண்ணும்போது கூண்டிலிட்ட முயலைத் தூரத்திற் கொண்டுவந்து வைத்தார். குழந்தையின் உணவு தடைப்படாத அளவுக்கே நாளுக்கு நாள் நெருக்கினார். முடிவில் குழந்தை முயலைத் தடவியது. நம் மனத்தைத் தொட்டது, இடையில் நேர்ந்த ஒரு விபத்து. பீற்றர் காய்ச்சலுற்று வைத்தியசாலையிலிருந்து திரும்பும் வேளை ஒரு பெரிய நாய் அவன்மீது பாய்ந்தது. உடனிருந்த தாதியும் அஞ்சிவிட்டாள். பெற்ற முன்னேற்றமெல்லாம் அன்றே போயிற்று. ஜோன்ஸ் குழந்தையைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடி தூரத்திலிருந்து தொடங்கினார்.

நாமும் தூரத்திலிருந்து தொடங்கினோம். முதலில் விசர்நாய்த் தடுப்பூசி. இது இல்லாமல் நாயின் உரிமை பற்றிப் பேசுவது அயலவருக்குச் செய்யும் துரோகம். பின், தெரிந்தவர் ஒருவரை ஒழுங்கையின் மறுமுனையில் வந்து நிற்கச் செய்வோம். அவர் தோன்றியதும் நாய்க்கு அவித்த சூடை மீனிற் சிறு துண்டு. அவர் மறைந்ததும் மீனும் நின்றுவிடும். இதில் வரிசை முக்கியம். முதலில் ஆள், பின் மீன். மாறி நிகழ்ந்தால், மீனே ஆபத்தின் அறிகுறியாகிவிடும். மீனைக் கண்டே நாய் ஓடும். வருபவர் நாயை நேரே பார்க்கலாகாது, மேலே குனியலாகாது, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகலாகாது. பக்கவாட்டிற் திரும்பி நிற்பதே மரியாதை. கயிறு தளர்ந்தே இருக்கவேண்டும். இறுகும் கயிறு அச்சத்தை அறிவிக்கும் தந்தி. உறக்கமின்றிக் கொட்டாவி விடுதல், மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல் இவையெல்லாம் நாயின் மொழியில் "போதும்" என்ற சொல். அச்சொல்லைக் கேட்டும் நின்றால் அடுத்த சொல் உறுமல். அதற்கும் அடுத்தது பல். உறுமும் நாயை அடித்துத் திருத்துவோர் உறுமலை மட்டுமே திருத்துகின்றனர். எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாய் அவ்வாறே உருவாகிறது.

அடுத்த வளவுச் சம்மாட்டி இவ்வேடிக்கையைச் சில நாள் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், அது உங்களைப் படிக்குது. படிச்சு முடிக்கட்டுமன்." நாம் படித்த உளவியற் கட்டுரைகளின் சாரத்தை அவர் இரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். வேற்று நாய்களோடு பழக்கவும் அவரே வழிகாட்டினார். அவருடைய கிழட்டு நாய் ஒன்று, எதற்கும் அலட்டிக்கொள்ளாதது. வற்றின் போது அகன்றுவிடும் தாழ்வுபாட்டுக் கடற்கரையில், இரு நாய்களையும் நேருக்குநேர் விடாமல், ஒரே திசையில், முப்பது முழ இடைவெளியில் நடத்தினோம். மாதக் கணக்கில் அவ்விடைவெளி தானே குறைந்தது.

மீன் கொடுத்துத் துணிவை வாங்குவது இலஞ்சமல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். கடமையைச் செய்யவேண்டியவருக்குக் கொடுப்பது இலஞ்சம். அந்நியரைச் சகிப்பது நாயின் கடமை என்று விதித்தவர் யார்? அது நமது தேவை. நாம் கேட்கும் உழைப்பு. உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று வாதிடுவோர் இம்மாத இதழின் வாசகரிடையே அதிகமிரார்.

வேறொரு கேள்வி இதனிலும் கடியது. மனிதருக்கே வழியில்லாத கரையில், நாய்க்கு இவ்வளவு கரிசனமா? பசித்த வீட்டின் முன்னால் நாய்க்குப் பஞ்சணை விரிப்பதை நாமும் வெறுக்கிறோம். ஆனால் இங்கே செலவானது கழிவு மீனும் நமது பொழுதுமே. மேலும், 2006இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அறிவிக்கும் வரை, நாய்ப் பிரச்சினைக்கு இந்நாடு கண்ட முதன்மையான விடை கொலையே. அஞ்சும் நாய் கடிக்கும், கடித்த நாய் ஒழிக்கப்படும். அதன் அச்சம் அதன் உயிர்ப் பிரச்சினை.

வகுப்பறையில் நிற்கும் நமக்கு இன்னுமொன்று உறைத்தது. கடற்கரையில் நாம் கண்ட அந்த அமைதியை எத்தனை பள்ளிக்கூடங்களில் "ஒழுக்கம்" என்று மெச்சியிருக்கிறோம்! பிரம்படியைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே தடுத்தது. உடல்தண்டனை மாணவரின் அடிப்படை உரிமையை மீறுவது என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. எனினும் பிரம்பு மேசையைவிட்டு முற்றாக நீங்கவில்லை. வினாக் கேட்காத பிள்ளை கற்றுவிட்டது என்று நினைக்கும் ஆசிரியர், மணலிற் கிடந்த நாயைப் "பழகிவிட்டது" என்று இழுத்து வந்த நம்மிலிருந்து வேறுபட்டவரல்லர்.

மனிதரை நாய்க்கு உவமையாக்குவது நமது நோக்கமன்று. உவமை இருப்பது அஞ்சுவோர் பக்கத்திலன்று, அவசரப்படுவோர் பக்கத்தில். இதே தீவில் 1990 ஒக்டோபர் இறுதியில், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் சென்றனர். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு ஊரிழந்தனர். தமிழராகிய நம்மிற் பலர் அன்று படலையைச் சாத்திக்கொண்டோம். பின் தமிழ்க் கிராமங்களும் ஷெல்லுக்கும் சோதனைச் சாவடிக்கும் அஞ்சி இடம்பெயர்ந்தன. 2009இல் போர் முடிந்தது. மறு ஆண்டே பெயரில் நல்லிணக்கத்தைத் தாங்கிய ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. திரும்பி வந்தோரைப் பார்த்து ஆளுக்கு ஆள் "பழையதை மறவுங்கள், கிட்ட வாருங்கள்" என்கிறோம். திருவிழா வெடி கேட்டுத் தோள் குலுங்கும் நடுவயதினரை நாம் இன்றும் பார்க்கிறோம். காணியும் கேணியும் பெயர்ப்பதிவும் யார் கையிற் திறந்திருக்கின்றன, விலகி நிற்க விரும்புவோரின் விலகல் குற்றமாக எண்ணப்படுகிறதா என்று கேட்பாரைக் காணோம். கிட்ட வரும்படி அழைக்கும் பக்கம் முதலிற் தன் கையைக் கீழே இறக்க வேண்டாமா?

நமது நாய் இன்றும் தபாற்காரரை விரும்பவில்லை. அவர் வரும் நேரம் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று பார்க்கும்; நாம் அழைப்பதில்லை. கடிபட்ட சிறுவன் தாயின் சம்மதத்தோடு மாலையில் வருகிறான். நாயின் கயிறு தளர்வாக நமது கையில் இருக்க, படிக்கட்டில் அதற்கு முதுகு காட்டி அமர்ந்து, பக்கத்து மண்ணில் மீனை வைக்கிறான். ஐந்து முழம் வரை அது வருகிறது. சில நாள் வருவதில்லை. வராத நாளில் அவன் மீனை அங்கேயே விட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறான்.