முத்திரை அழியாது



பழைய ஆர்எக்ஸ் 100 வண்டியை வாங்கி, சொந்தக் கையால் சீர்செய்கிற இளைஞர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா வண்டி அது. இன்ஜின் 98 சிசிதான்; ஆனாலும் மண் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்றும் அதன்மேல் தனிப் பிரியம். புது டர்ட் பைக் வாங்க வசதியில்லாத பிள்ளைகள், யார் வீட்டுக் கொல்லையிலோ மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டியைப் பேசி வாங்கி, மாதாமாதம் மிஞ்சுகிற காசில் ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்கிறார்கள். அவர்கள் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்டவருடைய இரக்கம்தான் என் நினைவுக்கு வருகிறது.

விவரம் தெரிந்தவர் பழைய வண்டியில் முதலில் எதைப் பார்ப்பார்? ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தைத் துணியால் துடைத்து, அங்கே குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரைத்தான் பார்ப்பார். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்துப்போனால்தான் பணத்தை வெளியே எடுப்பார். டேங்க் நசுங்கியிருக்கலாம், சீட் கிழிந்திருக்கலாம். எண் சரியாக இருந்தால் அந்த வண்டிக்கு இன்னும் வழி உண்டு.

திருமுழுக்கில் நம் ஆன்மாவில் பதிந்த முத்திரை அழியாதது என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. எத்தனை ஆண்டுகள் கோயில் பக்கம் வராமல் இருந்தாலும், எந்தப் பாவத்தில் விழுந்து கிடந்தாலும், நாம் யாருக்குச் சொந்தம் என்பது மாறுவதில்லை. “இனி என்னைச் சரிசெய்யவே முடியாது” என்று உங்களில் யாராவது முடிவு கட்டிவிட்டீர்களா? குடிக்கு அடிமையான கணவரைப் பற்றியோ, வீட்டைவிட்டுப் போன மகனைப் பற்றியோ அப்படிச் சொல்லிவிட்டீர்களா? கடவுள் அப்படிச் சொல்லவில்லை. தாம் முத்திரையிட்ட ஒருவரையும் அவர் பழைய இரும்பாக எடைக்குப் போடமாட்டார்.

நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி, கிக்கரை எவ்வளவு மிதித்தாலும் கிளம்பாது. பெரிய செலவு வரப்போகிறதோ என்று பயந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றினால், உள்ளே ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதில் ஊசிமுனை அளவு துளை. பழைய பெட்ரோல் காய்ந்து, பிசினாகி, அதை அடைத்திருக்கும். அவசரக்காரர் கம்பியை விட்டுக் குடைவார். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும், பிறகு பெட்ரோல் போகிற அளவே கெட்டுவிடும். பொறுமையுள்ளவர் அதை ஊறப்போட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். துளை வழியே வெளிச்சம் தெரிந்தால் போதும். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். நேரமும் நிதானமும்தான் வேண்டும்.

நம் செபம் ஏன் சில நேரம் கிளம்ப மறுக்கிறது? சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் சொன்ன ஒரு சொல், கல்யாண வீட்டில் நம்மை மதிக்காமல் விட்ட ஒரு குறை, எத்தனை வருடமாக நமக்குள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஆண்டவர் அதைக் குத்திக் குடைய வரமாட்டார். ஒப்புரவு அருளடையாளத்தில் தம் இரக்கத்தில் நம்மை ஊறவைத்து, தூய ஆவியாரின் மூச்சால் மெல்லத் திறந்துவிடுவார். பெற்றோரே, வழிதவறிய பிள்ளையிடம் நீங்களும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். கண்டிக்கும்போதும் கை மென்மையாக இருக்கட்டும்.

சிக்கனமாக வேலை செய்கிற இந்தப் பிள்ளைகளிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் இன்ஜின், பிறகு பிரேக், டயர், பெயின்ட் கடைசியில்தான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் உடனே தூக்கி எறியமாட்டார்கள். லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதான பிஸ்டனைப் போடுவார்கள். தேய்ந்துபோன அதே சிலிண்டர் மறுபடியும் உழைக்கும்.

நாமோ பெரும்பாலும் பெயின்டில் தொடங்குகிறோம். ஊர் பார்க்கிற பக்கத்தை மட்டும் மினுக்கிவிட்டு, உள்ளே தேய்ந்ததை அப்படியே விட்டுவிடுகிறோம். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் பேதுருவிடம் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். மும்முறை மறுதலித்தவருக்குப் பதிலாக அவர் வேறு ஆள் தேடவில்லை. கரி நெருப்பில் மீன் வைத்து, முதலில் பசியாற்றினார். பிறகுதான் மும்முறை அன்பைப் பற்றிக் கேட்டார். மறுதலித்த அதே வாயாலேயே அன்பை அறிக்கையிட வைத்து, தம் ஆடுகளையும் அவரிடமே ஒப்படைத்தார். பேதுரு செய்ததை மறைக்கவும் இல்லை, அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. அவருடைய உள்ளத்தைக் குணமாக்கினார்.

ஆகவே, அன்பானவர்களே, உங்களில் யாரும் மனம் தளர வேண்டாம். நீண்ட நாள் பேசாமல் இருக்கிற உறவினர் வீட்டுக்கு இந்த வாரம் ஒருமுறை போய் வாருங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடம் ஆகிவிட்டதே என்று வெட்கப்படுகிறவர்கள் சனிக்கிழமை மாலை வாருங்கள்; நான் காத்திருப்பேன். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்காருங்கள், சேர்ந்தே தொடங்குவோம். நம்மைப் படைத்தவருக்கு நம்மைச் சீர்செய்யவும் தெரியும். அவருடைய இரக்கம் உங்கள் ஒவ்வொருவரோடும் உங்கள் குடும்பங்களோடும் இருப்பதாக. ஆமென்.