காரணம் வேறு, குற்றம் வேறு

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த பின்னும் மனிதர் வாழ வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, வயிற்றறையின் உட்சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் பெரிட்டோனியல் டயாலிசிஸ். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே ஏறத்தாழ 2 லிட்டர் கரைசல் உட்செலுத்தப்படுகிறது. சில மணி நேரம் தங்கி, இரத்தத்தின் கழிவுகளை ஏற்றுக்கொண்டு, அது வெளியேறுகிறது. மருத்துவமனையிலன்றி வீட்டிலேயே, செவிலியராலன்றி நோயாளியாலோ அவர்தம் குடும்பத்தாராலோ செய்யப்படுவது இம்முறையின் சிறப்பு. கையால் மாற்றுவோர் நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை செய்வர். அதாவது ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கும் மேல்.

ஒவ்வொரு முறையும் நுண்ணுயிர் உட்புக வாய்ப்புண்டு. வெளிவரும் நீர் கலங்கியிருந்தால் அதுவே எச்சரிக்கை. பெரும்பாலும் நம் தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களே காரணமாகின்றன. ஆனால் சில வேளைகளில் ஆய்வுக்கூடம் எதிர்பாராத பெயரொன்றைத் தெரிவிக்கிறது. பூனை கடித்த டயாலிசிஸ் குழாய் வழியே பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா வயிற்றறையை அடைந்த செய்தியை 1987இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர் அது. இரவில் இயந்திரம் கரைசலை மாற்றிக்கொண்டிருக்க, நோயாளி உறங்குகிறார். நீண்டு கிடக்கும் குழாய் பூனைக்கு விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது.

இங்கேதான் அறநெறிக் கேள்வியொன்று எழுகின்றது. தோலில் வாழும் பாக்டீரியா எவரையும் சுட்டிக் காட்டுவதில்லை. அரிய பாக்டீரியாவோ, தான் வந்த வழியையே சொல்லிவிடுகிறது. உடனே வீட்டில் குரல்கள் எழுகின்றன: 'பூனையை ஏன் வளர்த்தாய்? கதவை யார் திறந்து வைத்தது?' காரணத்தைக் கண்டறிந்த அந்த நொடியிலேயே குற்றவாளியையும் கண்டறிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் காரணம் வேறு, குற்றம் வேறு. அறிவும் முழு விருப்பமும் இன்றிக் கடுமையான குற்றமில்லை என்பது அறநெறியியலின் பழைய பாடம். ஆயிரம் முறை கைகழுவி முகக்கவசம் அணிந்து, ஆயிரத்தோராவது முறை களைப்பால் தவறிய மனைவி தீமையை விரும்பினாரா? மருத்துவ உலகமே இதனை உணர்ந்திருக்கின்றது. பெரிட்டோனியல் டயாலிசிஸுக்கான பன்னாட்டுச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தொற்று ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 முறைக்கு மேற்படலாகாது என்கிறது. பத்து நோயாளிகளுக்கு ஆண்டில் நான்கு முறை வரை என்பது பொருள். வல்லுநர்களே சுழியத்தை அளவுகோலாக வைக்காதபோது, அடுக்களைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் நாம் அதனைக் கேட்பது நீதியாகுமா?

'பழி சொல்லாவிட்டால் கவனம் குறைந்துவிடுமே' என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. இத்தொற்று சிலருக்குக் குழாயையே அகற்றும் நிலையை உண்டாக்குகிறது; உயிரையும் பறிக்கின்றது. அறிந்தே தொடர்ந்து அசட்டை செய்வோர்க்குப் பொறுப்பு உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும் பழியின் விளைவு என்னவென்று பார்ப்போம். பழிக்கு அஞ்சுபவர் கலங்கிய நீரை மறைப்பார்; 'வீட்டில் பூனை உண்டா?' என்று மருத்துவர் வினவும்போது இல்லை என்பார். மருந்தைத் தேர்வதற்கு உதவும் உண்மை அங்கேயே புதைந்துவிடும். கவனத்தை வளர்ப்பதற்காகச் சொன்ன பழி, இறுதியில் நோயாளியின் உயிருக்கே ஊறு செய்யும்.

பழி, நடந்ததையே நோக்கி நிற்கிறது. பொறுப்புணர்வோ இனிச் செய்ய வேண்டியதை நோக்குகிறது. கரைசல் மாற்றும் அறைக்குள் வளர்ப்பு விலங்குகளை விடலாகாது. இரவில் இயந்திரம் இயங்கும்போதும் கதவு மூடியிருக்க வேண்டும். குழாயில் சிறு துளை கண்டாலும் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். தனிமையில் வாழும் முதியவர்க்குப் பூனையும் ஒரு துணையன்றோ? அதனை விரட்டத் தேவையில்லை. கதவைச் சாத்தினால் போதும்.

நோயுற்றவர் வீட்டிற்குச் செல்லும் நாம், 'எப்படி வந்தது?' என்னும் கேள்வியை மருத்துவரிடம் விட்டுவிடுவோம். அக்கேள்வி அவர் வாயில் ஆய்வு. நம் வாயில் பெரும்பாலும் தீர்ப்பு. நாம் கேட்கத்தக்கது வேறு: 'இன்றிரவு உங்களுக்குப் பதிலாக யாரேனும் விழித்திருக்க வேண்டுமா?'