மாணவர் வீசாவும் அரசின் கடப்பாடும்: ஓர் அறவியல் நோக்கு

வாக்குறுதி வசதியான காலத்திற்கு மட்டும் உரியதன்று. அதனை நிறைவேற்றுதல் கடினமாகும் வேளையிலேயே அது வாக்குறுதியா, வெறுஞ் சொல்லா என்பது புலனாகின்றது. ஓர் அரசு அயல்நாட்டு மாணவருக்கு வழங்கும் வீசா இத்தகைய வாக்குறுதியா? அன்றி, விரும்பியபோது தந்து விரும்பியபோது மீட்டுக்கொள்ளும் சலுகையா? கொவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் நாடுகள் தம் எல்லைகளை மூடியபோது இவ்வினா பல்லாயிரம் மாணவரின் வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று.

இதனை ஆராய்வதற்கு அவுஸ்திரேலியாவின் அனுபவம் ஏற்ற உதாரணமாகும். அந்நாடு 2020 மார்ச் 20 ஆந் திகதி, தன் குடிமக்களும் நிரந்தர வதிவாளரும் அல்லாதோருக்கு எல்லையை மூடியது. தடுப்பூசி முழுமையாகப் பெற்ற மாணவர் சிறப்பு விலக்கின்றி உட்செல்லப் பொதுவாக வழிதிறந்தது 2021 டிசெம்பர் 15 ஆந் திகதியிலேயாகும். இடைப்பட்ட ஏறத்தாழ 21 மாதங்களில், எல்லைக்கு வெளியே அகப்பட்டோர் விரிவுரைகளைக் கணினித் திரையிற் கேட்டனர். ஆய்வுகூடப் பயிற்சியின்றிக் கற்க இயலாத துறையினருக்கு அவ்வழியும் போதவில்லை.

எனினும், எல்லை மூடப்பட்டமையை எளிதிற் குறைகூறல் தகாது. மக்களின் உயிரைக் காத்தல் அரசின் முதற் கடமையாகும். தடுப்பூசி இல்லாத நாட்களில் எல்லையைக் காப்பதே பெருங் காப்பாக இருந்தது. அவுஸ்திரேலியா 2020 யூலை முதல் தன் சொந்தக் குடிமக்களின் வருகைக்கும் எண்ணிக்கை வரம்பு விதித்தது. தன் மக்களே வெளியிற் காத்திருக்கையில் அயலாரை முந்தவிடுதல் நீதியோ என்பது வலுவான வாதமே. 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனமும், எந்நாட்டையும் விட்டு வெளியேறவும் தன் நாட்டிற்குத் திரும்பவும் ஒருவருக்குள்ள உரிமையையே கூறுகின்றது. பிறநாட்டினுட் புகும் உரிமையை அது கூறவில்லை.

மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், நிரந்தர சமாதானம் பற்றி 1795 இல் எழுதிய நூலில், அந்நியனுக்கு அழிவு நேராதாயின் அவனை ஒரு நாடு திருப்பியனுப்பலாம் என்கின்றார். அவன் கோரக்கூடியது வந்து செல்லும் உரிமை மாத்திரமே. குறித்த காலத்திற்கு வீட்டாருள் ஒருவனாகத் தங்குவதற்குத் தனியான உடன்படிக்கை வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கருத்து மாணவருக்கு எதிரானது போலத் தோன்றும். ஊன்றி நோக்கின் அவர்களுக்குச் சார்பானதும் இதுவேயாகும். ஏனெனில் மாணவர் வழிப்போக்கர் அல்லர். அவர் தம் பணவசதியை நிரூபித்து, கட்டணஞ் செலுத்தி, மருத்துவக் காப்புறுதி பெற்று, வேலை நேரத்திற்கான வரம்பிற்கும் இணங்கியவர். அரசும் அவற்றை ஏற்றே வீசா வழங்கியது. கான்ற் வேண்டும் தனி உடன்படிக்கை இங்கே முன்னரே நிறைவேறிவிட்டது.

இவ்வுடன்படிக்கை விதிக்கும் கடமைகள் இருவகையின. முதலாவது, எல்லைக்குள் இருந்தோர் பற்றியது. 2020 ஏப்ரில் 3 ஆந் திகதி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத மாணவர் தாயகம் திரும்பலாம் என்ற பொருள்பட அந்நாட்டுப் பிரதமர் ஸ்கொற் மொறிசன் கூறினார். வேலையிழப்பைத் தடுக்க மத்திய அரசு வழங்கிய சம்பள மானியமும் மாணவர் வீசா உடையோருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இலங்கை போன்ற நாடுகள் தம் விமான நிலையங்களைப் பயணிகள் வருகைக்கு மூடியிருந்தன. திரும்ப விழைந்தோரும் சிறப்பு விமானங்களுக்காகக் காத்திருக்க வேண்டியவராயினர். தம் செலவைத் தாமே ஏற்பதாக மாணவர் உறுதியளித்தமை உண்மையே. ஆயின் அவ்வுறுதி வழமையான காலத்திற்கு அளிக்கப்பட்டது. சட்டம் அனுமதித்த வேலையை அரசின் ஆணையே நிறுத்தியபோது, அதன் சுமை முழுவதையும் மாணவர் மீது ஏற்றுதல் நீதியாகாது. தொற்றைத் தடுத்தல் என்ற நியாயம் பசித்திருப்பவருக்கு உணவு மறுப்பதற்குப் பொருந்தாது. விக்ரோறியா மாநிலம் மாணவருக்கு 1,100 டொலர் வரை உதவ முன்வந்தமை, மாற்றுவழி இருந்ததென்பதைக் காட்டுகின்றது.

இரண்டாவது, வெளியே நின்றோர் பற்றியது. 2020 நவம்பர் 30 ஆந் திகதி 63 மாணவர் சிங்கப்பூரிலிருந்து டார்வின் நகருக்கு அழைத்துவரப்பட்டு 14 நாட்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். 2021 ஜனவரியில் மெல்பேர்ண் ரெனிஸ் போட்டிக்காக வீரரும் துணையாளருமாக ஏறத்தாழ 1,200 பேர் தனி விமானங்களில் வந்து அவ்வாறே தனிமைப்படுத்தலுக்கு உட்பட்டனர். ஆகவே, கதவு அறவே திறக்க இயலாததாய் இருக்கவில்லை. யாருக்கு முதலில் திறப்பது என்பதே வினாவாயிற்று. இத்தெரிவின் அளவுகோலை அரசு வெளிப்படையாகக் கூறி, காத்திருப்போருக்கு அதன் நியாயத்தை விளக்கக் கடமைப்பட்டது. அளவுகோல் மறைந்திருப்பின் இடர்காலத் தேவையும் அரசின் விருப்பும் வேறுபாடின்றிப் போய்விடும்.

கடனை உரிய நாளில் தீர்க்க இயலாதவன் தவணை கேட்கலாம். கடனே இல்லையென அவன் கூறலாகாது. அரசுக்கும் இது பொருந்தும். பெருந்தொற்று, வாக்குறுதியை நிறைவேற்றுதலைப் பிற்போட நியாயம் தந்தது. வாக்குறுதி அளிக்கப்பட்டதை மறப்பதற்கு அது நியாயம் தரவில்லை. கட்டணம் பெறும்போது விருந்தினர் என்றும், இடர் வரும்போது அந்நியர் என்றும் ஒருவரையே இருபெயரிட்டு அழைக்கும் அரசு, தன் வாக்கின் மதிப்பையே குறைத்துக்கொள்கின்றது.