குறுக்கே போகும் வரிசை

குபேரக் கோலம் தெரியாத வீடு இன்று நம் பக்கம் குறைவு. வெள்ளிக்கிழமை பூஜையறையில் அரிசி மாவால் ஒன்பது கட்டம் போட்டு, 20 முதல் 28 வரை எண்களை எழுதி, கட்டத்துக்கு ஒரு நாணயமும் பூவும் வைப்பார்கள்.

27 20 25
22 24 26
23 28 21

கிடையாகவும் நெடுக்காகவும் மூலைவிட்டமாகவும் எப்படிக் கூட்டினாலும் 72. மேல் வரிசையின் நடுவில் 20-ஐ வைத்து, அடுத்தடுத்த எண்ணை வலப்பக்க மேல்மூலைக்கு ஏற்றிக்கொண்டே போக வேண்டும். விளிம்பைத் தாண்டினால் எதிர்ப்பக்கத்துக்கு வர வேண்டும். வழியில் கட்டம் நிரம்பியிருந்தால் ஒன்று கீழே இறங்க வேண்டும். இந்தக் கோலம் தானாக அமைந்துவிடும். 1687-ல் சயாமுக்குத் தூது போன பிரெஞ்சுக்காரர் லா லூபேர் இந்த வழியை எழுதி வைத்தார். அவருக்கு அதைச் சொன்னவர் சூரத்தில் கற்றுக்கொண்டவர். கணிதமேதை ராமானுஜனின் நோட்டுப் புத்தகமும் இப்படிப்பட்ட மாயச்சதுரத்தில்தான் தொடங்குகிறது.

இதைச் சரிபார்க்கக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதுவது பெரிய வேலையில்லை. பைத்தானில் சில வரிகள் போதும். எட்டுத் தொகைகளையும் போட்டு, பொருந்தாத தொகையை அந்த வரிசையின் ஓரத்தில் சிவப்பில் காட்டச் சொன்னேன். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தேன். 26 இருக்கும் இடத்தில் 29 போட்டதும் நடு வரிசை 75 என்று சிவந்தது; கடைசி நெடுவரிசையும் 75. இரண்டு சிவப்பும் சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை. மூன்று கூடிப்போனதால் மூன்றைக் கழித்தால் பழைய எண் வந்துவிடும்.

அடுத்து 20-ஐயும் 25-ஐயும் இடம் மாற்றினேன். மேல் வரிசை அசையவில்லை, அதே 72. அந்த வரிசையை மட்டும் கேட்டிருந்தால் எல்லாம் சரி என்றே சொல்லியிருக்கும். நடு நெடுவரிசை 77, கடைசி நெடுவரிசை 67, ஒரு மூலைவிட்டம் 67 என்று குறுக்கே போனவைதான் காட்டிக்கொடுத்தன. ஒரு வரிசைக்குத் தன் குற்றம் தெரிவதில்லை. அதைக் குறுக்கே வெட்டிப் போகிற வரிசைக்குத் தெரிகிறது.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். கோலத்தில் ஆறு கட்டம் அழிந்து 27, 20, 24 மட்டும் மிஞ்சினால்? நடு எண்ணின் மூன்று மடங்குதான் தொகை என்பதால் 72 கிடைக்கிறது. மேல் வரிசையில் 25, எதிர்மூலையில் 21, கீழே நடுவில் 28 என்று ஒவ்வொன்றாக மீதி எல்லாம் திரும்பி வந்துவிடும். புரோகிராமுக்கு இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. சதுரம் தனக்குள் வைத்திருக்கிற பதிலை அது கேட்டு வாங்குகிறது.

அழிந்தது இப்படித் திரும்பி வருவதை எழுதிக்கொண்டிருக்கும்போது, திரும்பி வராதவற்றை நினைத்து என் மனம் கரிவலம்வந்தநல்லூருக்குப் போய்விட்டது. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும் இருக்கிற ஊர். திருக்கருவை என்று பாடல்களில் வரும். இதன்மேல் மூன்று அந்தாதிகள் உண்டு. அதிவீரராம பாண்டியர் பாடியவை என்பார்கள், வரதுங்கராம பாண்டியர் பாடியவை என்பாரும் உண்டு. அவற்றுள் பதிற்றுப்பத்தந்தாதியைக் குட்டித் திருவாசகம் என்றே கொண்டாடுகிறோம். நூறு பாட்டு. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். நடுவில் ஓர் ஏடு உதிர்ந்தால் முன்பாட்டின் கடைசியும் பின்பாட்டின் முதலும் ஒட்டாது. எந்த இடத்தில் இழந்தோம் என்பது உடனே தெரியும். ஆனால் இழந்த பாட்டு வராது. கட்டு ஒரே திசையில் ஓடுவதால் காணாமல் போனதைச் சொல்ல அதனால் முடிகிறது, மீட்டுத்தர முடிவதில்லை.

பாட்டுக்கு அந்தக் குறுக்கு வரிசை வேறொருவர் வீட்டுச் சுவடியில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக நடந்தது அதைத் தேடித்தான். ஒரு சுவடியில் ஏடு முறிந்த இடத்தை இன்னொரு சுவடி நிரப்பியது. ஓர் ஊர்க்காரர் எழுதிய பிழையை மற்றோர் ஊர்ப் பிரதி காட்டிக்கொடுத்தது. அப்படிப் பல பிரதிகளை ஒப்பிட்டு அவர் சீவக சிந்தாமணியை அச்சிட்டது 1887-ல்.

கரிவலம்வந்தநல்லூருக்கும் அவர் வந்தார். பாண்டிய மரபில் வந்த ஒருவரிடம் இருந்த ஏடுகள் கோயில் வசம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. அதை அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் சாஸ்திரம் என்று நம்பியே செய்தார்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் நெஞ்சு இன்னும் கனக்கிறது.

அந்தக் குவியலில் வேறிடத்தில் பிரதி இருந்த நூல்கள் பிழைத்திருக்கும். பிரதியே இல்லாதவை எத்தனை, அவை என்ன என்று எந்தக் கணக்காலும் கேட்க முடியாது. ஒற்றையாக இருந்தது போனால், போனது என்று சொல்லவும் ஒன்று மிஞ்சுவதில்லை. எதுவும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. தன்னைக் குறுக்கே தொட்டுச் செல்பவற்றால்தான் காக்கப்படுகிறது.

இந்த வட்டாரத்தில் யார் வீட்டுப் பரணிலாவது ஓர் ஏட்டுக்கட்டு இன்னும் கிடந்தால், அது ஜாதகமோ வைத்தியமோ நிலக்கணக்கோ எதுவாக இருந்தாலும் சரி, ஏடு உடையாமல் மெல்லப் பிரித்துச் செல்போனில் படம் எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கிற இரண்டு பேருக்காவது அனுப்பி வைத்துவிடுங்கள்.