தாகமும் கோப்பையும்

மாப்பிள்ளையூரணியின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. ஊரணி என்றால் ஊர் குடிக்கும் நீர். அதில் கால் கழுவுகிறவனை ஊரே ஏசும்.

தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவது பழைய தர்மம். பானை, ஒரு செம்பு. குடித்தவர் அடுத்தவரிடம் கொடுப்பார். யார் கையில் செம்பு, யாருக்கு எட்ட நின்று ஊற்றுவது என்ற கேவலமும் அங்கே இருந்தது. எறிந்துவிடும் கோப்பைக்குச் சாதி தெரியாது. அந்த நன்மையை மறுக்க நான் தயாரில்லை.

ஆனால், இன்றைய மாரத்தான் ஓட்டங்களைப் பாருங்கள். ஓடுகிறவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைச் சாலையில் வீசுகிறார். அவருக்குச் சில விநாடிகள் மிச்சம். குனிந்து பொறுக்குகிறவளுக்கு? அவள் நேரத்தை எந்தக் கடிகாரமும் குறிப்பதில்லை. பொறுக்காமல் விட்டதை மழைநீர் ஓடை கடலுக்குக் கொண்டுபோகும். தூத்துக்குடியில் அந்தக் கடல் மன்னார் வளைகுடா. 21 தீவுகளும் பவளப் பாறைகளும் உள்ள, 1986 முதல் தேசியப் பூங்காவான கடல்.

தமிழகம் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கோப்பையையும் தண்ணீர்ப் பாக்கெட்டையும் தடை செய்தது. அதே ஆண்டு லண்டன் மாரத்தானில் கடற்பாசி உறைக்குள் பானம் கொடுத்தார்கள், உறையோடு விழுங்கிவிடலாம். நம் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிப்பதும் கடற்பாசிதான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் அது வீசுகிற கையை ஒன்றும் கேட்பதில்லை.

ஆல்ப்ஸில் மோன்பிளாங் மலையைச் சுற்றி ஓடும் பந்தயத்தில் அவரவர் கோப்பையை அவரவரே சுமக்க வேண்டும் என்பது விதி. நின்று, நிரப்பி, குடித்து, மறுபடி செருகிக்கொண்டு ஓடுகிறார்கள்.