இரண்டு வாக்கு

அப்பா இறந்து ஏழு வருடம் கழித்து, போன கார்த்திகையில், அம்மா அதைச் சொன்னாள். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாகக் கொடுத்துப் போன படிவத்தைத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். கணவர் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதும்போது வாய்விட்டும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே, “அவர் சொன்ன சின்னத்துல நான் ஒரு தடவகூடப் போட்டதில்ல” என்றாள்.

அப்பா ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு வாழ்நாள் முழுக்க உழைத்தவர். பதவி எதுவும் கிடைக்கவில்லை, கேட்கவும் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் கட்சியின் முகவராக உட்கார்வதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே நாற்காலி. அம்மாவைக் கை நீட்டி அடித்தவரில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். தேர்தலுக்கு முந்தின இரவு மட்டும் மாதிரி வாக்குச்சீட்டைப் பாயில் விரித்து, எந்த இடத்தில் முத்திரை குத்த வேண்டும், மை வழியாமல் எப்படி மடிக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பார். அம்மா தலையாட்டுவாள். மறுநாள் “போட்டாச்சா?” என்பார். “போட்டாச்சு” என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை.

பொய் வந்தது 1989 ஜனவரியில். அந்தச் சட்டமன்றத் தேர்தலில் அம்மாவின் அண்ணன் எதிர்க்கட்சிக்கு வேலை பார்த்தார். அண்ணன் பேச்சைக் கேட்டுவிடுவாளோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். எனக்கு அப்போது எட்டு வயது. தூங்கிக்கொண்டிருந்த என் தலைமேல் அம்மாவின் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்கு எதுவும் நினைவில்லை. காலையில் போய் அம்மா தன் விருப்பப்படி முத்திரை குத்திவிட்டு வந்தாள். பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் இருபது நாள் கிடந்தேன். கோயிலில் கூழ் ஊற்றினார்கள், அம்மா மண்சோறு சாப்பிட்டாள். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதாகத்தான் ஊரே நினைத்தது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் கேட்டது மன்னிப்பு என்று முப்பத்தாறு வருடம் கழித்துத் தெரிகிறது.

“அது பாவமாடி?” என்று கேட்டாள்.

அடுத்த தேர்தலில் என்ன செய்தாய் என்று திருப்பிக் கேட்டேன். “மாத்தித்தான் போட்டேன்” என்றாள். தன் பிள்ளையைத் தானே நோயில் தள்ளியதாக நம்பிக்கொண்டு, அந்த பயத்தோடு மறுபடியும் தன் வாக்கைத் தானே போட்ட ஒரு பெண்ணிடம், பாவமில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அந்த அவசரம் எனக்கே பிடிக்கவில்லை. அம்மை கிருமியால் வந்தது என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவளுடைய கேள்வி அம்மையைப் பற்றியது மட்டுமில்லை. கொடுத்த வாக்கை மீறினேனே, அது சரியா என்று கேட்கிறாள்.

நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். கொடுப்பதும் வாக்கு, போடுவதும் வாக்கு. அம்மா பேச்சில் இதுவரை ‘ஓட்டு’தான், அப்பாதான் மேடைத் தமிழில் ‘வாக்கு’ என்பார். முதல் வாக்கைக் காப்பாற்றினால் இரண்டாவது அவளுடையதில்லை. இரண்டாவதைக் காப்பாற்றினால் முதலாவதில் அவள் பொய்க்காரி. இப்படி ஒரு முடிச்சு அப்பாவுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. வாக்குத் தவறாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது.

வகுப்பில் வாய்மை அதிகாரம் நடத்தும்போது, வள்ளுவர் உண்மையை நடந்ததை நடந்தபடி சொல்வது என்று விளக்கவில்லை, பிறருக்குத் தீங்கு தராத சொல் என்று விளக்குகிறார் எனச் சொல்வேன். அம்மாவை விடுவிக்க அது போதும். ஆனால் அதே அதிகாரத்தில், நெஞ்சறியப் பொய் சொன்னால் அந்த நெஞ்சே சொன்னவரைச் சுடும் என்றும் இருக்கிறது. மண்சோறு சாப்பிட்டவளுக்கு அந்தக் குறளை யாரும் நடத்த வேண்டியதில்லை.

அந்தச் சத்தியத்தைக் கேட்க அப்பாவுக்கு உரிமை இருந்ததா? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, அதன் 94ஆம் பிரிவில், யாருக்கு வாக்களித்தாய் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 128ஆம் பிரிவு, வாக்குப்பதிவிலும் எண்ணிக்கையிலும் இருக்கும் அலுவலர்களும் முகவர்களும் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. ஆக, கூண்டில் ஏற்றியும் அம்மாவிடமிருந்து பெற முடியாத பதிலை, சாவடியில் ரகசியம் காக்கக் கடமைப்பட்ட ஒரு முகவர், பாயில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையைப் பணயம் வைத்து வாங்கினார். திருடன் கத்தியைக் காட்டிக் கேட்டதற்குச் சம்மதம் சொன்னால் அது ஒப்பந்தமாகிவிடாது என்று நமக்குத் தெரியும். கத்தி இடத்தில் பாசம் இருந்தால் மட்டும் குழம்பிப்போகிறோம்.

அப்பாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. பெண்ணின் வாக்கு இன்னொருவர் வழியாக வருவது என்ற எண்ணத்துக்கு இங்கே சட்டத்தின் துணையும் இருந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது, இந்திய மாகாணங்களில் இதுவே முதல் என்று பெருமைப்படுகிறோம். சொத்துள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் மிகச் சிலருக்கே அது கிடைத்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இதை விரிவாக்கியபோது கண்டுபிடித்த வழி, தகுதியுள்ள ஆணின் மனைவி என்பதையே ஒரு தகுதியாக்குவது. எல்லோருக்கும் வாக்கு என்று அறிவித்த 1951-52 தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்திருந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெரும்பாலும் வடமாநிலங்களில். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். பெயரைச் சொல்லவிடாத வீடு அப்படியே இருக்க, வாக்கை இழந்தவள் அவள் என்பதும் உறுத்துகிறது.

இந்த இடத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில்லோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. 1867இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பேசியவர் அவர். அதே மில் ரகசிய வாக்கெடுப்பை எதிர்த்தார். வாக்கு உன் சொத்தில்லை, பொதுநலத்துக்காக உன்னிடம் ஒப்படைத்தது, ஜூரியின் தீர்ப்பைப் போல. ஆகவே எல்லோரும் பார்க்கப் போடு, கேட்டால் காரணம் சொல் என்பது அவர் வாதம். நிலப்பிரபுவுக்குப் பயந்து வாக்களித்த காலம் போய்விட்டது என்று நம்பினார். வீட்டுக்குள் ஒரு பிரபு இருப்பதை அவர் அறியாதவரில்லை, ‘பெண்களின் அடிமைத்தனம்’ என்று புத்தகமே எழுதினார். இரண்டையும் சேர்த்து யோசித்திருந்தால் அட்டை மறைப்பின் அருமை தெரிந்திருக்கும். பிரிட்டனில் 1872இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது, அவர் சொன்னதற்கு மாறாக.

ஆனால் அம்மாவிடம் பேசிய பிறகு மில்லை முழுக்க ஒதுக்க முடியவில்லை. ஏன் மாற்றிப் போட்டாய் என்று கேட்டேன். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, கடைசி வரை சொல்லவில்லை. காரணம் மட்டும் சொன்னாள்: “தண்ணிக்கு நான்தான போனேன். எவன் குழாய் போட்டான், எவன் போடுறேன்னு சொல்லிட்டுப் போனான்னு எனக்குத் தெரியாதா?” 1971இல் முதல் வாக்கைப் போட்டவள். அப்பா இருந்தவரை பதினொரு சட்டமன்றத் தேர்தல்கள். ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கணக்கு அவளிடம் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் விடிய விடிய அரசியல் பேசுவார்கள், அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். குழாயைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மாற்றிப் போடுகிறாள் என்று தெரிந்துவிடும். ஆகவே பேசவில்லை. மறைவு அவளுடைய வாக்கைக் காப்பாற்றியது, அவளுடைய கருத்தைக் காப்பாற்றவில்லை. பொய் சொன்னது அவளுடைய குற்றமில்லை, ஆனால் நஷ்டம் அவளுக்குத்தான். அப்பாவுக்கும்தான். நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் என்ன நினைத்தாள் என்று தெரியாமலே போய்விட்டார். அவருக்காகவும் அழுகை வந்தது, மறைக்க விருப்பமில்லை.

இப்போது 2026. 38 மாவட்டங்களில் 234 தொகுதிகளுக்குத் தேர்தல். எல்லாக் கட்சிகளும் பெண்கள் வாக்கு தங்களுக்கே என்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது முதல் வீடுகளில் ‘நன்றி’ என்ற சொல் அதிகம் புழங்குகிறது. வரிப்பணத்திலிருந்து வரும் உரிமைத்தொகைக்கு யாரும் கடன்படவில்லை என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து வேறொன்றைக் கேட்டாள். அவர்கள் தெருவில் தேர்தலுக்கு முந்தின இரவு பணம் கொடுத்துவிட்டு, விளக்கின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவார்களாம். ஆண்களிடம் கேட்பதில்லையாம். பெண்கள்தான் சத்தியத்துக்குப் பயப்படுவார்கள் என்று தெரியும். “கை நீட்டி வாங்கிட்டு மாத்திப் போட்டா ரெண்டு தப்பு ஆயிடாதா மேடம்?”

பணம் விளையாடியதால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், அடுத்த ஆண்டு ஆர்.கே. நகரிலும் தேர்தலையே நிறுத்தினார்கள். சட்டத்தில் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். வாங்கியது தப்புதான், அதை மழுப்பவில்லை. ஆனால் விற்க முடியாத ஒன்றை விற்பதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அது இரண்டாவது தப்பு, மீறினால் இல்லை என்றேன். அவள் முகம் தெளியவில்லை. விளக்குக்கு என்ன பதில் என்பது அவள் கவலை. என் அம்மாவின் கூழ்ப்பானை நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. 2021 தேர்தலின்போது நான் அம்மாவிடம், நம் தொகுதியில் ஒரு பெண் நிற்கிறாள், அவளுக்கே போடு என்றேன். சட்டமன்றத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னேன். (அந்த முறை 234இல் 12 பேர் வந்தார்கள்.) பெண்ணியம், பிரதிநிதித்துவம் என்றெல்லாம் அரைமணி நேரம். அம்மா “சரி” என்றாள். திரும்பி வந்ததும் “போட்டாச்சா?” என்றேன். “போட்டாச்சு” என்றாள்.

அந்த “போட்டாச்சு” இப்போது காதில் வேறு மாதிரி கேட்கிறது. நான் மாதிரிச் சீட்டை விரிக்கவில்லை, தலைமேல் கை வைக்கவில்லை. ஆனால் அப்பா உட்கார்ந்த பாயில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் காரணம் நல்ல காரணம். அப்பாவும் தன் காரணத்தை நல்லது என்றே நம்பினார். “அந்தப் பொம்பளைக்குப் போட்டியா?” என்று இந்தமுறை கேட்டும் பார்த்தேன். சிரித்தாள். “உனக்கு எதுக்குடி அது?”

அகப்பாடலில் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டக் கூடாது என்பது மரபு; பெயர் வந்தால் அது புறமாகிவிடும். வருடாவருடம் இதை நடத்துகிறேன். அரசியலை நடுக்கூடத்தில் பேசியவர்கள் எல்லோரும் புறத்தில் இருந்தார்கள், அம்மா ஒருத்திதான் அதை அகமாக வைத்திருந்தாள். விரும்பி வைத்துக்கொண்டாளா, வேறு இடமில்லாமல் வைத்துக்கொண்டாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் பார்வை மங்கல். சின்னம் சரியாகத் தெரியாது. பார்வை இல்லாதவர்களுக்குத் துணையாக ஒருவர் உள்ளே போகலாம், அவர் ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், நான் வருகிறேன் என்றேன். “வேணாம்” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணையாவது கூப்பிடலாம் என்றேன். அதற்கும் வேண்டாம். இயந்திரத்தில் பொத்தான்கள் மேலிருந்து கீழாக வரிசையாகத்தானே இருக்கும், விரலால் தடவி எண்ணிக்கொள்வேன் என்றாள். அவளுடைய விரல்கள் ஐம்பது வருடம் பூ கட்டிப் பழகியவை.

வேட்பாளர் பட்டியல் முடிவானதும் வரிசை எண்ணோடு நான் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கட்சிக்காரர்களை மட்டுமில்லை, சுயேச்சைகளையும் விடாமல், கடைசியில் ‘நோட்டா’ வரைக்கும், இரண்டு தடவை.

“எல்லாப் பேருக்கும் ஒரே மாதிரி நிறுத்தி வாசி” என்று சொல்லியிருக்கிறாள். “வாசிக்கும்போது என் மூஞ்சியப் பாக்காத.”