புனிதரை வேண்டுதல்

இறைவனை வேண்டற்குரிய உயிர், இறந்த அடியாரை வேண்டுதல் தகுமோ என்னும் வினா கிறிஸ்து மதத்துள் நெடிது வழக்காடப்பட்டதொன்று. 1530-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தர் வழியினர் அளித்த அறிக்கை, புனிதரை நினைந்து அவர் ஒழுகிய நெறியில் ஒழுகுதல் தகும், அவர்பால் வேண்டுதல் தகாது என்றது. கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்பது அவர் துணிபு. 1563-ல் திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கப் பொதுச் சங்கம் இதனை மறுத்து, அவ்வேண்டுதல் நன்றும் பயனுடைத்தும் ஆமென விதித்தது.

கத்தோலிக்கர் மன்றாட்டின் நடையே அவர் கருத்தைப் புலப்படுத்தும். இறைவனை நோக்குங்கால் இரக்கம் வேண்டுவர். புனிதரை நோக்குங்கால் தமக்காக இறைவனை வேண்டுமாறே இரப்பர். ஆகலின் அருளுவோன் ஒருவனே.

அற்றேல், ஒரே பொழுதிற் பல தேயத்தும் பன்னூறாயிரவர் முறையிடுவதை, எல்லையுட்பட்ட ஓருயிர் யாங்ஙனம் அறியும்? தடைகளுள் வலியுடையது இதுவே. 1274-ல் மறைந்த தாமஸ் அக்குவினாஸ், புனிதர் இறைவனைக் காணும் காட்சியினுள்ளே தம்மை நோக்கிய வேண்டுதல்களையும் காண்பர் என விடை கூறினார். நுட்பமான விடை. ஆயின் இதனாற் போந்தது யாது? முறையீட்டை முன்னறிவோனும், புனிதர்க்கு அறிவிப்போனும் இறைவனே என்பதன்றோ! இறைவன் கடியன், புனிதர் எளியர் எனக் கருதி அவர்பால் ஓடுவார் (இத்தகையார் எம்மதத்தும் உளர்) தம் சபையின் கொள்கையையே அறியாதாராவர்.

பின்னர் வேண்டுதல் எற்றுக்கெனின், ஒருவர்க்காக ஒருவர் வேண்டும் அன்பு சாவினால் அறுவதன்று என்பர் கத்தோலிக்கர். அவ்வேண்டுதலும் இறைவன் திருவுள்ளத்தை மாற்றுவதன்று. வேண்டுதல் வாயிலாகவே தருதற்கு அவன் முன்னரே கருதியதைப் பெறுவதாம் என்பது அக்குவினாஸ் கொள்கை.